யாருக்கும் இளகாத மாமியார்

ஆர்டிஸ் ஹோல்ட்காம்ப் விவாகரத்து வாங்கியபோது வக்கீல் அவளை இரண்டு தடவை கேட்டார். வீடு வேண்டாமா? வேண்டாம். வீட்டை ஒட்டிய சோயா நிலம்? அதுவும் வேண்டாம். அப்புறம் என்னதான் வேண்டும்?

"மாமியாரை எனக்குக் குடுத்துடச் சொல்லுங்க" என்றாள் ஆர்டிஸ்.

எதிரே உட்கார்ந்திருந்த புருஷன் லைல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். வீட்டைப் பறிகொடுத்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மாமியார் என்பது ஸ்லெட்டின் பெயர். டிராக்டர் இழுவைப் போட்டியில் டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியால் மாட்டிவிடுகிற இரும்பு வண்டி அது. அதன் முதுகில் எடைக்கட்டிகள் அடுக்கிய பெட்டி ஒன்று இருக்கும். டிராக்டர் முன்னே போகப்போக அந்தப் பெட்டி பின்னாலிருந்து முன்னால் ஏறிவரும். முன்பக்கத் தகடு களிமண்ணில் அழுந்தும். சுமை கூடிக்கொண்டே வந்து, கடைசியில் எப்பேர்ப்பட்ட இயந்திரமும் கரும்புகை கக்கி, சக்கரம் வீணாகச் சுழல, நின்ற இடத்திலேயே நின்றுவிடும். யார் அதிக தூரம் இழுத்தாரோ அவருக்கு வெற்றி. லைல்தான் அதை வெல்டிங் வைத்துக் கட்டினான். எவன் இழுத்தாலும் சுலபத்தில் நகராமல், முனகிக்கொண்டே வருவதால் தன் மாமியார் ஞாபகமாகப் பெயர் வைத்தான். ஆர்டிஸின் அம்மாவுக்கு அதில் கோபமே வரவில்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுதுங்கள் என்றுதான் சொன்னாள்.

லைல் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டான். ஆர்டிஸ் ஸ்லெட்டோடு ஒஹையோ மாநிலத்தின் மேற்குக் கவுண்டிகளை, மாவட்டம் மாவட்டமாக, சுற்ற ஆரம்பித்தாள். கோடை வந்தால் ஊருக்கு ஊர் கண்காட்சி, கண்காட்சிக்குக் கண்காட்சி இழுவைப் போட்டி. அவள் ஸ்லெட்டின் கூண்டில் உட்கார்ந்து, பெட்டி ஏறுகிற வேகத்தை முடிவு செய்யும் பல்சக்கரத்தைப் போடுவாள், பெட்டியைக் கவனிப்பாள், ஏதாவது உடைந்தால் கம்பியை இழுத்து முன்னால் இருக்கிற இயந்திரத்தையே அணைத்துவிடுவாள். அவளோடு போட்டி போடாதவர் அந்தப் பக்கத்தில் கிடையாது. அவளிடம் தோற்காதவரும் கிடையாது. ஆனால் ஒருவரும் அவளைக் குறை சொன்னதில்லை. ஏனென்றால் வகுப்பு, அதாவது ஒரே ரக டிராக்டர்கள் மோதுகிற ஒரு பிரிவு, தொடங்குவதற்கு முன் வைத்த பல்லை முடியும்வரை அவள் தொடமாட்டாள். பன்றிப் பண்ணைக்காரர் டுவேன் ஷ்ரோயருக்கு எந்தப் பல்லோ, அதே பல்தான் அவள் மகள் ப்ரிட்டாவுக்கும்.

ப்ரிட்டா இருபத்தாறு வயதில் "புளிச்ச செர்ரி" என்ற சிவப்பு டிராக்டரை ஓட்டிக்கொண்டிருந்தாள். பகலில் தானியக் கிடங்கில் வேலை. மிச்ச நேரமும் மிச்சச் சம்பளமும் செர்ரிக்கு.

அந்த வருஷம்தான் ட்ரென்ட் மேபரி வந்தான். இண்டியானாபொலிஸ்காரன். முன்பு மோட்டார் சைக்கிள் போட்டிகள் நடத்தியவன். நாலு மாநிலத்து இழுவைப் போட்டிகளையும் ஒரே தொடராகக் கோத்து, கேமரா வைத்து, நேரடியாக ஒளிபரப்பி, விளம்பரம் பிடித்து, பெரிய விளையாட்டாக்கப் போகிறேன் என்றான். கண்காட்சிக் குழுக்களுக்கு அவனைப் பிடித்தது. ஆர்டிஸுக்கும் முதலில் பிடிக்கத்தான் செய்தது. அவன் ஏமாற்றுக்காரனாகப் பேசவில்லை. எல்லோர் பெயரையும் நினைவு வைத்துக்கொண்டான், சேற்றில் இறங்கி நடந்தான்.

ஜூன் மாதம், சொந்த ஊர்க் கண்காட்சி. முதல் ஒளிபரப்பு. கடைசி வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ட்ரென்ட் கையில் இரண்டு எலுமிச்சைச் சாறோடு ஸ்லெட்டுக்குப் பின்பக்கம் வந்தான்.

"ஆர்டிஸ், இந்த வகுப்புல கடைசியா வர்றது ப்ரிட்டா."

"தெரியும். நான்தான் பெத்தேன்."

அவன் சிரித்தான். "அவ வரும்போது மட்டும் ஒரே ஒரு பல்லு கீழ இறக்குங்க. பெட்டி கொஞ்சம் மெதுவா ஏறட்டும். அவ்ளோதான்."

ஆர்டிஸ் சாற்றை வாங்கிக் குடித்தாள். குளிர்ச்சியாக இருந்தது. "முடியாது" என்றாள்.

"இதை மோசடின்னு நினைக்காதீங்க. அந்த கேலரியைப் பாருங்க. தொப்பிக்குக் கீழ எல்லாம் நரைமுடி. இன்னும் பத்து வருஷத்துல இதுல பாதிப் பேரு இருக்கமாட்டாங்க. சின்னப் பசங்க பார்க்கணும்னா அவங்களுக்குக் கதை வேணும். சொந்த ஊரு, அம்மா ஸ்லெட் ஓட்டுறா, பொண்ணு வந்து ஜெயிக்கிறா. இதைவிட என்ன வேணும்?"

"அம்மா ஸ்லெட் ஓட்டுறா, பொண்ணு வந்து தோக்குறா. அதுவும் கதைதானே?"

"உங்க சொந்தப் பொண்ணுங்க!"

"அதனாலதான் வெறும் முடியாதோட விடறேன். அடுத்தவன் பொண்ணா இருந்தா இந்த கிளாஸை உன் தலையில ஊத்தியிருப்பேன்."

அவள் பேரம் பேசுகிறாள் என்றே அவன் நினைத்திருக்க வேண்டும். தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

டுவேனின் "பன்றிப் பணம்" அன்று வெறிபிடித்த மாதிரி இழுத்தது. அவரைத் தாண்ட யாராலும் முடியவில்லை. கடைசியாக ப்ரிட்டா வந்தாள். ஆர்டிஸிடம் வேலை பார்க்கிற கொடியாட்டி ஹெர்ஷல் பச்சைக் கொடியை வீசினார். புளிச்ச செர்ரி முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. ஆர்டிஸின் கூண்டு அதிர்ந்தது, கண்ணாடி முழுக்கப் புகை. காதில் மாட்டியிருந்த ரேடியோவில் ட்ரென்டின் குரல் மெல்ல வந்தது. "இப்போ, ஆர்டிஸ். இப்போ."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தன் கைகளை அவளால் அந்த நேரத்தில் நம்ப முடியவில்லை. மகளின் முதுகு முன்னால் தெரிந்தது. போ, போ என்று வாய் மட்டும் முணுமுணுத்தது.

செர்ரி டுவேனின் குறியைத் தொட இரண்டடி இருக்கும்போதே நின்றுபோனது. கேலரி முழுக்க ஒரே பெருமூச்சு.

அடுத்த வாரம் ட்ரென்டின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. தொடரின் மற்ற போட்டிகளுக்கெல்லாம் அவர்களே புது ஸ்லெட் வாங்கிவிட்டார்களாம். இதுவரை செய்த உதவிக்கு நன்றியாம்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து ஆர்டிஸ் கொட்டகையில் ஸ்லெட்டின் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது ப்ரிட்டா வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ட்ரென்ட் எல்லாத்தையும் சொன்னாரு."

"ஓஹோ. பெருமையா சொன்னானா?"

"நீ சொல்லியிருக்கணும்மா."

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"தெரியல. அதைத்தான் நானே தெரிஞ்சுக்க முடியாம பண்ணிட்ட."

ஆர்டிஸ் கிரீஸ் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். மாட்டிக்கொண்டால் அவள் சத்தம் போடுவது வழக்கம், அன்றும் போட்டாள். "என்னடி பேசுற? இந்த ஸ்லெட்டுல கை வெச்சு உனக்கு ஒரு கோப்பை வாங்கித் தரணுமா? நீ கேட்டேன்னு செஞ்சா, அந்த டுவேன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நான் கோப்பை கேக்கல! அவர் என்கூட ஒப்பந்தம் போடறேங்கிறாரு. ஸ்பான்சர் இருக்கு. புது இன்ஜின் கிடைக்கும். உன்னோட கண்காட்சியில என்ன இருக்கு? போன வருஷம் ரெண்டு ஊர்ல இழுவையை நிறுத்திட்டுப் பாட்டுக் கச்சேரி வெச்சாங்க. உன்னோட நேர்மையான ஸ்லெட் நேர்மையா துருப்பிடிக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லை."

"எனக்கு அது சரிப்படாது."

"அப்ப போய்க் கையெழுத்துப் போடு. உன்னை யாரு சங்கிலி போட்டுக் கட்டி வெச்சிருக்கா?"

ப்ரிட்டா போனாள். கையெழுத்தும் போட்டாள். ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: தொடரில் இருக்கிறவர்கள் அந்தப் பருவத்தில் வேறு எங்கும் இழுக்கக் கூடாது. நல்ல டிராக்டர்களெல்லாம் அந்தப் பக்கம் போக, ஜூலையில் கவுண்டிக் கண்காட்சிகள் வெறிச்சோடின. ஒரு ஊரில் வகுப்புக்கு நாலே பேர். அதில் ஒருவர் டுவேன்.

"நீ ஏன் போகல?" என்று ஆர்டிஸ் கேட்டாள்.

"பேங்க்காரன் சொல்றதைக் கேக்கறேன், பன்றி டாக்டர் சொல்றதைக் கேக்கறேன், பொண்டாட்டி சொல்றதைக் கேக்கறேன்" என்றார் டுவேன். "சனிக்கிழமை எங்க இழுக்கணும்னு பளபளன்னு பல்லு வெச்சிருக்கிற ஒரு பையன் வேற சொல்லணுமா? போதும் தாயே. பல்லைப் போடு, நேரமாகுது."

நாலு பேருக்காகவும் அவள் மாமியாரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள். மழை பிடித்த ஊருக்கும் போனாள். ஸ்லெட்டை விற்றுவிடலாமே என்று அவள் தம்பி ஜாடையாகச் சொன்னபோது, முதலில் உன் படகை விற்றுக்காட்டு என்றாள்.

ஆகஸ்ட் கடைசியில் ட்ரென்டின் தொடருக்கு இறுதிப் போட்டி, இண்டியானாவில். ப்ரிட்டா அந்தத் தொடரில் இரண்டு வெற்றிகளோடு புள்ளிப் பட்டியலில் மேலே இருந்தாள். அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. ஆர்டிஸே டிக்கெட் வாங்கிக்கொண்டு ஹெர்ஷலோடு போனாள். இத்தனை வருஷத்தில் அவள் கேலரியில் உட்கார்ந்து இழுவை பார்த்ததே இல்லை. பெஞ்சு சூடாக இருந்தது. ஹெர்ஷல் தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவலை ரொட்டிக்குள் திணித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கூட்டம் நல்லாத்தான் இருக்கு முதலாளியம்மா" என்றார் அவர், வாய் நிறைய.

இருந்தது. இளைஞர்கள் வந்திருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ட்ரென்ட் சொன்னது பொய்யில்லை என்று அவள் தனக்குள் ஒப்புக்கொண்டாள். அது அவளுக்குக் கசந்தது.

புது ஸ்லெட் வெள்ளை வெளேரென்று, பக்கவாட்டில் திரையும் விளக்குமாக நின்றது. முதலில் வந்த ஐந்து டிராக்டர்களையும் அது ஒழுங்காகவே தடுத்தது. கெண்டக்கியிலிருந்து வந்த ஆரின் டாக்கெட் என்பவர் முன்னணியில் இருந்தார். கடைசியாக ப்ரிட்டாவின் பெயரைச் சொன்னார்கள். கேலரி எழுந்து கத்தியது. புது இன்ஜின் போட்ட செர்ரி வந்து நின்றது, பக்கமெல்லாம் ஏதோ பானத்தின் விளம்பரம்.

கொடி விழுந்தது. செர்ரி கிளம்பியது. பாதி தூரம் போகும் முன்பே ஆர்டிஸ் ஹெர்ஷலின் முழங்கையைப் பிடித்துவிட்டாள். பெட்டி ஏறவில்லை. அதாவது ஏறுகிறது, ஆனால் சோம்பேறியைப் போல ஏறுகிறது. மற்றவர்களுக்கு மண்ணை உழுத தகடு இவளுக்கு மேலாகத் தடவிக்கொண்டு வருகிறது.

"அடப் பாவிகளா" என்றார் ஹெர்ஷல்.

ப்ரிட்டாவுக்குத் தெரியுமா? தெரிந்தேதான் ஓட்டுகிறாளா? இதற்கு முன் வாங்கிய அந்த இரண்டு வெற்றிகளும் இப்படித்தானா? மகள் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தாள், முன்சக்கரங்கள் காற்றில் மிதக்க, ஆரினின் குறியை எட்டப்போகும் வேளை.

அப்போது புகை நின்றது. சத்தமும் நின்றது.

டிராக்டர் மெதுவாக உருண்டு நின்றுவிட்டது. குறிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி இருந்தது. இன்ஜின் போய்விட்டது என்று எல்லோரும் தலையில் கை வைத்தார்கள். ப்ரிட்டா ஹெல்மெட்டைக் கழற்றினாள், கீழே குதித்தாள், திரும்பிப் பார்க்காமல் நேராக ஸ்லெட்டின் தகட்டிடம் நடந்தாள். குனிந்து தகடு வந்த தடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். மைக் வைத்திருந்த அறிவிப்பாளர் ஓடிவந்தார்.

"என்ன ஆச்சு ப்ரிட்டா? இன்ஜினா?"

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு. நான்தான் நிறுத்தினேன்." ஒலிபெருக்கியில் அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "இந்த ஸ்லெட் மத்தவங்களைப் பிடிச்சு நிறுத்தின மாதிரி என்னை நிறுத்தல. எனக்கு விட்டுக்கொடுத்துட்டு வருது. போன ரெண்டு தடவையும் எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. புது இன்ஜின்தான் காரணம்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். இப்போ சந்தேகம் இல்ல. ஆரினுக்கு வெச்ச பல்லை எனக்கும் வைங்க. நான் மறுபடி இழுக்கறேன்."

அறிவிப்பாளர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ட்ரென்ட் வேலியைத் தாண்டி ஓடிவந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான். என்ன பேசினான் என்று கேலரிக்குக் கேட்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது, முடிவு இதுதான் என்று ஒலிபெருக்கி அறிவித்தது. திரையில் விளம்பரம் ஓட ஆரம்பித்தது.

ப்ரிட்டா பாதையின் நடுவில், களிமண்ணில், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு ஆரின் டாக்கெட், கோப்பையை வாங்கவேண்டிய மனிதர், தன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணு மறுபடி இழுக்கிற வரைக்கும் எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவர் கத்தியது மைக் இல்லாமலே மேல்வரிசை வரை கேட்டது. அடுத்து ஒருவர். அடுத்து இன்னொருவர். ஆறு பேரும் வரிசையாக மண்ணில் உட்கார்ந்தார்கள்.

கேலரி தரையைக் காலால் உதைக்க ஆரம்பித்தது. இரும்புப் பெஞ்சுகள் இடி மாதிரி அதிர்ந்தன. ஆர்டிஸும் உதைத்தாள், கால் வலிக்கிற அளவுக்கு உதைத்தாள். கன்னமெல்லாம் ஈரமாகியிருந்தது. ஹெர்ஷல் பார்க்காத மாதிரி ரொட்டியைக் கவனித்துக்கொண்டார்.

ஒளிபரப்பை அதிக நேரம் விளம்பரத்திலேயே வைத்திருக்க முடியாதே. ட்ரென்ட் கையைத் தூக்கினான். ஸ்லெட் பின்னால் போனது. ஆரினே கூண்டில் ஏறிப் பல்லைச் சரிபார்த்தார். ப்ரிட்டா மறுபடி இழுத்தாள். இந்தத் தடவை தகடு மண்ணைக் கடித்தது, செர்ரி திணறியது, திமிறியது, புகையைக் கக்கியது, நின்றது.

நாலாவது இடம்.

ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஆர்டிஸ் வேலியருகே போய் நின்றாள். மகள் மண்ணும் வியர்வையுமாக நடந்து வந்தாள்.

"உனக்குச் சொல்லாம இருந்தது தப்புதான்" என்றாள் ஆர்டிஸ்.

"சரி. இப்போ எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் என்ன பண்ணுவேன்னு" என்றாள் ப்ரிட்டா. "எனக்கே ஆச்சரியமா இருக்கும்மா. பசிக்குது. ஏதாவது வாங்கிக் குடு."

நல்லது செய்தால் நல்லதே நடக்கும் என்று முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது வேறு. ட்ரென்ட் ப்ரிட்டாவின் ஒப்பந்தத்தை முறித்தான், பானத்துக்காரர்கள் விலகினார்கள், புது இன்ஜினை இறக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். செர்ரி மூக்கறுந்த மாதிரி கொட்டகையில் நின்றது. ட்ரென்டின் தொடர் ஒன்றும் மூழ்கிவிடவில்லை. அந்த ஆறு பேரும் மண்ணில் உட்கார்ந்த படம்தான் அந்த வருஷம் அதிகம் பேர் பார்த்தது. அடுத்த பருவத்துக்கு அதையே அவன் விளம்பரமாகப் போட்டான், ஏதோ தானே அதை ஏற்பாடு செய்த மாதிரி. ஆர்டிஸ் அதைப் பார்த்துவிட்டு, வெட்கம் கெட்டவனுக்கு மூளை மட்டும் நன்றாக வேலை செய்கிறது என்றாள்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் டுவேனின் பண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். ஆரின் கெண்டக்கியிலிருந்து வந்தார். தங்களுக்கென்று ஒரு சுற்றுப் போட்டி வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். ஏழு கவுண்டிக் கண்காட்சிகள் ஒத்துக்கொண்டன. யாரும் எங்கே வேண்டுமானாலும் போய் இழுக்கலாம். ஸ்லெட்டில் எந்தப் பல், எவ்வளவு எடை என்று ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் பெரிய பலகையில் எழுதி, கூட்டத்துக்குத் தெரியும்படி மாட்ட வேண்டும். ஆர்டிஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: மகள் இழுக்கிற வகுப்பில் ஆரின் கூண்டில் ஏறி அவளோடு உட்கார வேண்டும்.

"உன்னை யாரு சந்தேகப்பட்டா?" என்று டுவேன் கோபித்துக்கொண்டார்.

"யாரும் படல. படாமலே இருக்கட்டும்."

மார்ச்சில் ட்ரென்ட் போன் செய்தான். மாமியாரைத் தொடருக்குக் கொண்டுவர முடியுமா, கூட்டம் கேட்கிறது என்றான். பலகையை மாட்டி, வேறு எங்கும் இழுக்கத் தடையில்லாத ஒப்பந்தம் போட்டால் வருகிறேன் என்றாள் அவள்.

"விளம்பரதாரர் ஒத்துக்கமாட்டாங்க ஆர்டிஸ். இது வியாபாரம்."

"எங்களோடதும் வியாபாரம்தான் தம்பி. நாங்களும் டிக்கெட் விக்கிறோம், வறுவல் விக்கிறோம். பல்லை மட்டும் விக்கிறதில்ல."

"அஞ்சு வருஷத்துல நீங்க இருக்கமாட்டீங்க."

"இருக்கமாட்டோம்னு நான் வயசுக்கு வந்ததிலேர்ந்து சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

ஜூனில் முதல் போட்டி. கேலரியில் பாதிதான் நிறைந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ப்ரிட்டா பழைய இன்ஜினோடு செர்ரியை ஸ்லெட்டில் மாட்டப் பின்பக்கமாக நகர்த்திக்கொண்டு வந்தாள், கோணலாக. ஹெர்ஷல் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு காத்துநின்றார். ஆர்டிஸ் கூண்டிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"நேரா கொண்டுவாடி! காசு குடுத்து வந்திருக்காங்க, ஜனங்களைக் காக்க வைக்காத!"

ப்ரிட்டா திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை முன்னால் எடுத்து, நேராக வந்து நின்றாள்.